கித்: ஒரு கல்லின் மேல் கட்டிய பேரரசு

சைபீரியாவின் பும்போகோல் மொழியில் கல்லுக்கு ‘கித்’ என்று பெயர். மூன்றே ஒலி: க், இ, த். அந்த மொழி 18ஆம் நூற்றாண்டிலேயே மறைந்துவிட்டது. பேசியவர்களின் வழிவந்தவர்கள் ரஷ்ய மொழிக்கும் அக்கம்பக்கத்து மொழிகளுக்கும் மாறிப்போனார்கள். மிஞ்சியது சில பக்கச் சொற்பட்டியல். அந்தச் சில பக்கத்திலிருந்து ‘கித்’தை எடுத்து, 4ஆம் நூற்றாண்டில் வட சீனாவை ஆண்ட ஒரு மக்கள் என்ன மொழி பேசினார்கள் என்று முடிவு கட்டுகிறார்கள். அங்கிருந்து ஷியோங்நு பேரரசு, அதற்கப்புறம் ஹூணர், கடைசியில் அட்டிலா வரைக்கும் போய்விடுகிறது கதை.

நானும் இந்தக் கதையை நம்பியவன்தான். நண்பர்கள் இரண்டு பேரிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன், ‘ஜியே என்றால் கல், அதனால்தான் அவர்கள் அரசனுக்குக் கல் என்று குடும்பப்பெயர்’ என்று. சமீபத்தில் மூலப் பட்டியல்கள் எப்படி வந்தன என்று படிக்க உட்கார்ந்தபோதுதான் உறுத்தல் ஆரம்பித்தது. இந்தக் குறிப்பு அந்த உறுத்தலைப் பற்றியது.

முதலில் ஆட்கள் யார் என்று பார்த்துவிடுவோம். யெனிசெய் மொழிக்குடும்பம் சின்னது. இன்றைக்கு உயிரோடிருப்பது கெட் மட்டும். அதையும் நன்றாகப் பேசுகிறவர்கள் சில பத்துப் பேர், பெரும்பாலும் வயதானவர்கள். அதற்கு மிக நெருங்கிய யூக் 1970களில் அணைந்தது. கோட், அசான், அரின், பும்போகோல் எல்லாம் அதற்கு முன்பே போய்விட்டன. இவற்றில் கோட் ஒன்றுதான் கொடுத்துவைத்தது. பின்லாந்துக்காரரான கஸ்த்ரேன் 1840களில் சைபீரியப் பயணத்தில் கோட் பேசிய ஐந்து பேரைக் கண்டுபிடித்து, அவர்களோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டார். அவர் 1852இல் இறந்தபின், 1858இல் அது இலக்கணமாகவும் அகராதியாகவும் அச்சில் வந்தது. பும்போகோலுக்கு அப்படி ஒரு கஸ்த்ரேன் வாய்க்கவில்லை.

பும்போகோல் மக்கள் இருந்தது கெட் என்ற ஆற்றின் மேல்பகுதியில். அந்த ஆறு யெனிசெய்யில் கலப்பதில்லை, மேற்கே போய் ஓப் ஆற்றில் சேர்கிறது. கெட் மொழி பேசுகிறவர்கள் வாழ்வதும் அந்த ஆற்றங்கரையில் இல்லை. பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. நான் ஏமாந்தேன், ஒரு வாரம்.

அவர்கள் மொழியைப் பதிந்தவர்கள் மொழி ஆய்வுக்காகப் போனவர்கள் இல்லை. 1733 முதல் 1743 வரை நடந்த இரண்டாம் கம்சாத்கா பயணத்தில் போன வரலாற்றாசிரியர் மியூல்லர், அவரோடு சேர்ந்துகொண்ட ஃபிஷர். மக்கள், வரி, கோட்டை, பழைய ஆவணம் என்று திரட்டிக்கொண்டு போகிற வழியில் சொற்களையும் திரட்டினார்கள். ஃபிஷரின் சைபீரியச் சொற்தொகுப்பு 1747ஐ ஒட்டியது; கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1995இல்தான் முழுதாக அச்சேறியது. இந்த வகைப் பட்டியல்கள்தான் பேரரசி காதரீன் சொன்னபடி பல்லாஸ் தொகுத்த உலக மொழிகளின் ஒப்பீட்டுச் சொற்களஞ்சியத்துக்குள் போயின. 200 மொழிகள், 285 சொற்கள், எல்லாம் சிரிலிக் எழுத்தில். அரின், பும்போகோல், கோட், அசான் எல்லாம் அதில் வரிசையாக நிற்கும். பார்க்க அழகாகவே இருக்கும். அந்த அழகில்தான் ஆபத்து.

ஏனென்றால் சிரிலிக் எழுத்து இந்த மொழிகளுக்குப் பொருந்தாத செருப்பு. கெட் மொழியில் நம் ‘க்’ போன்ற ஒலி ஒன்று உண்டு. அதற்கும் பின்னால், உள்நாக்கை ஒட்டி எழும் இன்னொரு ‘க்’கும் உண்டு. இரண்டும் வேறு வேறு ஒலி, மாற்றிச் சொன்னால் பொருள் மாறும். சிரிலிக்கில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. அதைவிடப் பெரியது தொனி. கெட்டில் ‘சுல்’ என்ற அசையை நான்கு விதமாகச் சொல்லலாம். நீட்டிச் சமமாகச் சொன்னால் இரத்தம். குரல்வளையை ஒரு கணம் அடைத்துச் சொன்னால் ஒருவகை மீன். ஏற்றி இறக்கிச் சொன்னால் பனிச்சறுக்கு வண்டி. சட்டென்று இறக்கினால் தொட்டில் மாட்டும் கொக்கி. 18ஆம் நூற்றாண்டுப் பயணி இந்த நான்கையும் கேட்டிருந்தால் நான்கு இடத்திலும் ஒரே மாதிரிதான் எழுதியிருப்பார். எழுதியதைப் படிக்கிற நமக்கு இரத்தமும் தொட்டில் கொக்கியும் ஒரே சொல்.

பும்போகோலில் தொனி இருந்ததா? கெட்டிலும் யூக்கிலும் இருந்ததை வைத்துப் பார்த்தால் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பட்டியலில் அதன் நிழல்கூட இல்லை. ஆக, ‘கித்’ என்று நான் எழுதுவது பும்போகோல் ஒலி இல்லை. பும்போகோல்காரர் ஒருவர் சொன்னதை ஜெர்மன் காதால் கேட்டு, எழுத்தில் போட்டு, அது ரஷ்ய எழுத்துக்கு மாறி, அதை நான் தமிழ் எழுத்துக்குக் கொண்டுவந்து, அந்த ‘ட’கரமா ‘த’கரமா என்ற கேள்வியில் ‘த’வைத் தேர்ந்து எழுதியது. கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் பட்டியலே வீணா? இல்லை. ஒற்றைச் சொல்லில் ஏமாற்றுகிற எழுத்து, பல மொழிச் சொற்களை அடுக்கி வைக்கும்போது உண்மையைச் சொல்லிவிடும். தமிழில் பால், பல், பழம். கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹண்ணு. யாரோ ஒருவர் அரைகுறையாகக் கேட்டு எழுதியிருந்தாலும் இந்த ப-ஹ முறை வெளியே தெரிந்துவிடும். யெனிசெய் மொழிகளுக்கும் அதே வழிதான்.

கல்: கெட்டில் ‘திஸ்’ போல, யூக்கில் ‘சிஸ்’ போல (முதலெழுத்து நம் ‘பச்சை’யில் வரும் ச), கோட்டில் ‘ஷிஷ்’, அரினில் ‘கெஸ்’, பும்போகோலில் ‘கித்’. கண்: கெட்டிலும் யூக்கிலும் ‘தெஸ்’, கோட்டில் ‘திஷ்’, பும்போகோலில் ‘தத்’. ஒன்று என்ற எண்: கெட்டில் ‘குஸ்’, கோட்டில் ‘ஹுச்ச’, பும்போகோலில் ‘ஹுத’. ஆறு: கெட்டில் ‘செஸ்’, கோட்டில் ‘ஷெத்’, அரினில் ‘சத்’, பும்போகோலில் மறுபடி ‘தத்’. மற்ற மொழிகளில் ஸ், ஷ், ச் என்று சீறுகிற இடத்தில் பும்போகோல் மட்டும் நாக்கைப் பல்லில் வைத்து ‘த்’ என்கிறது. இதுதான் இந்த மொழியின் முகம். அதைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்த ஒலி விஷயம் ஒன்று உண்டென்றால் இதுதான்.

(‘கித்’தும் நம் ‘கல்’லும் ‘க’வில்தானே தொடங்குகின்றன என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அரினுக்கும் பும்போகோலுக்கும் க, கோட்டுக்கு ஷ, கெட்டுக்கு த. அந்த ‘க’ அவர்கள் வீட்டு விவகாரம்.)

முகம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. பும்போகோல் என்ற தலைப்பின் கீழ் வந்த சொற்களில் ஒரு பகுதி உண்மையில் பும்போகோல் இல்லை, யூக். பக்கத்துப் பக்கத்து மக்கள். யெனிசெய்ஸ்க் பகுதியில் இரண்டு கூட்டமும் வரி கட்ட வந்து போயிருப்பார்கள். தாள் மாறியதோ ஆள் மாறியதோ. யெனிசெய் மொழிகளில் உழைத்தவர்கள் இதைக் கண்டுபிடித்து, கலப்படத்தைப் பிரித்தெடுத்தார்கள். நல்ல வேலை. ஆனால் எப்படிப் பிரித்தார்கள் என்று கேட்டால் தலை சுற்றும். யூக் முறைப்படி ஸ் இருக்கிற சொல் யூக்; த் இருக்கிற சொல் பும்போகோல். பிறகு எஞ்சியதைப் பார்த்து, ‘ஆகா, பும்போகோலில் எல்லா இடத்திலும் த்’ என்கிறோம். அரிசியில் கறுப்பை எல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு, இந்த மூட்டையில் எல்லாம் வெள்ளை என்று சொல்வதைப் போல.

இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஒரு வழி இருக்கிறது. அது எந்தப் பட்டியலிலும் இல்லை, நிலப்படத்தில் இருக்கிறது. அதைச் செய்தவர் துல்சோன். வோல்கா ஜெர்மானியர், போர்க்காலத்தில் தோம்ஸ்குக்குக் கடத்தப்பட்டவர். போன இடத்தில் சும்மா இருக்காமல் சைபீரிய ஆற்றுப் பெயர்களைத் தோண்ட ஆரம்பித்தார். அவர் பார்த்தது இதுதான்: இன்று ரஷ்யரும் துருக்கிய மொழிக்காரர்களும் வாழும் இடங்களில் ஆற்றுப் பெயர்கள் புரியாத வால்களோடு நிற்கின்றன. ஒரு பகுதியில் ‘-செஸ்’, ஒரு பகுதியில் ‘-ஷெத்’, ஒரு பகுதியில் ‘-சத்’, இன்னொரு பகுதியில் ‘-தத்’, ‘-தெத்’. ஒவ்வொன்றும் ஒரு யெனிசெய் மொழியில் ஆறு. டிரான்ஸ்-சைபீரியன் ரயில் பாதையில் தைஷெத் என்று ஒரு ஊர் உண்டே, அதுவும் இப்படித்தான்: கோட் மொழியில் குளிர்ந்த ஆறு.

மியூல்லர் தாளை மாற்றி வைத்திருக்கலாம். ஆறு இடம் மாறி ஓடாது. ‘-தத்’ என்ற வால் தனக்கென்று ஒரு நிலப்பரப்பில் இருக்கிறது என்றால், ஆற்றை ‘தத்’ என்று அழைத்த மக்கள் இருந்தார்கள் என்றுதான் பொருள். பும்போகோல் ‘த்’ யாரோ ஒருவரின் காதுக் கோளாறு இல்லை. துல்சோனின் இந்த வேலைக்கு எனக்குத் தெரிந்து ஈடு இல்லை. பேச ஆளில்லாத மொழிக்குத் தண்ணீரிடம் போய்ச் சாட்சி வாங்கியிருக்கிறார்.

இங்கே நின்றுவிட்டால் எல்லாம் சுபம். ஆனால் ‘ஆறு’ என்ற சொல்லின் வரிசையை இன்னொரு முறை பாருங்கள். செஸ், ஷெத், சத், தத். கடைசி ஒலி கோட்டிலும் ‘த்’தான், அரினிலும் ‘த்’தான். அதாவது இந்தச் சொல்லின் கடைசி ‘த்’ பும்போகோலுக்கு மட்டும் உரியது இல்லை. பும்போகோலுக்கே உரியது முதல் ‘த’ மட்டும். ஆற்றுப் பெயர்கள் உறுதி செய்வது சொல் முதலில் வரும் மாற்றத்தை. சொல் கடைசியில் சீறொலி ‘த்’ ஆனதற்கு ஆறுகள் சாட்சி சொல்லவில்லை. அதற்குப் பட்டியலில் உள்ள ‘கித்’, கண் என்ற ‘தத்’ போன்ற சொற்களைத்தான் நம்ப வேண்டும்.

நம்பலாம் என்றே நினைக்கிறேன். காரணம், ‘கித்’ யூக்கிலிருந்து வந்திருக்கவே முடியாது. யூக்கில் அது ‘ச’வில் தொடங்கி ‘ஸ்’ஸில் முடிவது. இங்கே முதலும் வேறு, கடைசியும் வேறு. கலப்படப் பட்டியலில் கறை படியாத சொல் ஒன்று காட்டு என்றால் இதைத்தான் காட்டுவேன். ஆக ‘கித்’ மீது எனக்குச் சண்டை இல்லை. அதன் தலையில் ஏற்றியிருக்கிற மூட்டையோடுதான் சண்டை.

மூட்டையைப் பிரிப்போம். ஷியோங்நு, ஹான் சீனாவோடு நூற்றாண்டுக் கணக்கில் மோதிய புல்வெளிப் பேரரசு. அவர்கள் மொழி என்ன என்பதற்குத் துருக்கியம், மங்கோலியம், ஈரானியம் என்று பல விடைகள். யெனிசெய் என்ற விடையை 1950இல் லிகெத்தி மெல்லத் தொட்டார். 1962இல் புல்லிபிளாங்க் வலுவாக வைத்தார். அவர் கையிலிருந்த அழகான சீட்டு ஜியே. ஷியோங்நுவின் கிளையாகச் சீன நூல்கள் சொல்லும் மக்கள் இவர்கள். இவர்களில் பிறந்த ஷி லெ, அடிமையாக விற்கப்பட்டு, கொள்ளைக்கூட்டத்தில் சேர்ந்து, 319இல் பிற்காலச் சாவ் அரசை நிறுவினான். ‘ஷி’ என்றால் சீனத்தில் கல். ‘ஜியே’ என்ற எழுத்து அக்காலத்தில் ஏறக்குறைய ‘க்யத்’ என்று ஒலித்தது. யெனிசெய் மொழிகளில் கல் என்றால் ‘கெஸ்’, ‘கித்’. பொருந்துகிறது இல்லையா? முதல் முறை படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

இப்போது ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கலாம். முதலில் கடைசி ‘த்’. அக்காலச் சீன அசைகள் ப், த், க் என்ற அடைப்பொலிகளில் முடியலாம். ர், ல் அப்படி முடியாது. அதனால் பிறமொழி ‘ர்’ வந்தால் ‘த்’தில் முடியும் எழுத்தைப் போட்டார்கள். போதிதர்மரைச் சீனர்கள் தாமோ என்கிறார்களே, அதில் ‘தா’ என்று இன்று ஒலிக்கும் எழுத்து அன்று ‘தத்’. தர்மத்தின் ‘தர்’ அது. அப்படிப் பார்த்தால் ‘க்யத்’துக்குப் பின்னால் இருந்தது கர், கெர், கல் எதுவாகவும் இருந்திருக்கலாம். இதை வைத்தே வாதத்தைக் கவிழ்த்துவிடலாம் என்று எழுத ஆரம்பித்தேன். ஆனால் நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிறமொழி ‘ஸ்’ஸைக் காட்டச் சீனரிடம் பழைய வழி ஒன்று இருந்தது. வாரணாசியின் பெயரை எழுதியபோது ‘நாஸ்’ பகுதிக்கு, முன்பு ‘ஸ்’ஸில் முடிந்ததாகக் கருதப்படும் எழுத்தைப் போட்டார்கள். ஜியேக்கு அப்படிப்பட்ட எழுத்தைப் போடவில்லை. ஆகவே கெஸ்ஸா கித்தா என்று மட்டும் கேட்டால் ‘த்’ கொஞ்சம் பும்போகோல் பக்கம் சாய்கிறது. உயிரெழுத்து? ‘க்யத்’தின் திறந்த உயிருக்கு ‘கித்’தின் இகரத்தைவிட அரின் ‘கெஸ்’ஸின் எகரம் கிட்ட வருகிறது. மெய்க்குப் பும்போகோல், உயிருக்கு அரின். இரண்டு வீட்டில் கடன் வாங்கி ஒரு குழம்பு வைக்கிறோம்.

ஆனால் என்னை உண்மையில் நிறுத்தியது காலம். ஜியே 4ஆம் நூற்றாண்டு. ‘கித்’ பதிவானது 18ஆம் நூற்றாண்டு. இடையில் 1400 ஆண்டு. பும்போகோலில் சீறொலி ‘த்’ ஆனது என்கிறோம். அந்த மாற்றம் எப்போது நடந்தது? மூலயெனிசெய் மொழியில் ‘ஸ்’ என்றுதான் மீட்டுருவாக்குகிறார்கள், 1982இல் ஸ்தாரோஸ்தின் தொடங்கி. அப்படியானால் ‘த்’ பிற்பாடு வந்தது. 10ஆம் நூற்றாண்டில் வந்திருந்தால், ஷி லெ காலத்தில் பும்போகோலின் முன்னோர் கல்லை ‘கிஸ்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். அப்போது ‘க்யத்’தின் ‘த்’துக்கும் ‘கித்’தின் ‘த்’துக்கும் உறவே இல்லை, தற்செயல். மாற்றம் 4ஆம் நூற்றாண்டுக்கு முன்பே முடிந்திருந்தால் மட்டுமே ஒப்பீடு நிற்கும். அதற்குத் தேதி போட நம்மிடம் இருக்கும் பட்டியலில் எதுவும் இல்லை. பும்போகோல் என்ற மொழியை ஏதோ மாறாத கல் மாதிரி 1400 வருஷம் பின்னுக்கு நகர்த்தி வைத்திருக்கிறோம்.

குடும்பப்பெயர் வாதம் இன்னும் மெலிது. ஷி லெ என்ற பெயரே அவன் குடும்பத்திலிருந்து வந்ததில்லை. கூட்டாளியான ஜி சாங் அவனுக்கு ‘ஷி’ என்று குடும்பப்பெயரும் ‘லெ’ என்று பெயரும் வைத்ததாக ஜின் வரலாறே சொல்கிறது. ஜி சாங்குக்கு ஜியே மொழியில் ‘ஜியே’ என்றால் கல் என்று தெரிந்து, அதைச் சீனத்தில் மொழிபெயர்த்துப் பெயர் வைத்தான் என்று கொள்ள வேண்டும். நடக்கக்கூடாதது இல்லை. ஆனால் ‘ஷி’ என்பது இன்றைய தாஷ்கந்துப் பகுதியான சாச்சிலிருந்து வந்தவர்களுக்குச் சீனாவில் வழங்கிய பெயரும்கூட. அந்த வழியில் போனால் ஜியே யெனிசெய்யும் ஆகாது, மத்திய ஆசியாவுக்குப் போய்விடும். போதாததற்கு, வெய் வரலாறு ‘ஜியே’ என்ற பெயரையே அவர்கள் குடியிருந்த ஜியேஷி என்ற இடத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறது. ஊர்ப்பெயரா, கல்லா, இரண்டுமா? அழகான சீட்டு என்று சொன்னேனே, அழகுதான் அதன் பலம்.

ஜியே மொழியில் எஞ்சியது இன்னொன்று: பத்து எழுத்தில் ஒரு குறி. 328ஆம் ஆண்டு இறுதியில் ஷி லெ, எதிரி லியூ யாவ் மீது படையெடுக்கலாமா என்று தயங்கியபோது, ஃபோ து செங் என்ற பௌத்தத் துறவி மணியோசையைக் கேட்டுச் சொன்னது. படை வெளியே போகும், எதிரி பிடிபடுவான் என்பது சாரம். எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஜின் வரலாறு கூடவே தருகிறது. ஆனால் அந்த நூல் தொகுக்கப்பட்டது 648இல், மூன்று நூற்றாண்டு கழித்து. 1922இல் ராம்ஸ்தெத் தொடங்கிப் பலர் இதைத் துருக்கியமாகப் படித்தார்கள். 2000இல் வோவின் யெனிசெய்யாகப் படித்தார். 2016இல் வோவின், வஜ்தா, த லா வெஸ்ஸியேர் மூவரும் சேர்ந்து அதை விரித்து எழுதினார்கள். அதற்குப் பிறகு ஜியேயைப் பும்போகோலின் பக்கத்து வீடாகவே சொல்வது வழக்கமாகிவிட்டது.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது, வினைச்சொல்லைப் பிரித்துப் பார்க்கிற உழைப்பு. யெனிசெய் வினை உலகத்திலேயே சிக்கலான வினைகளில் ஒன்று. முன்னொட்டு அடுக்கடுக்காக வரும். வஜ்தா அதில் வாழ்நாளைப் போட்டவர். ஆனால் பாருங்கள், குறியின் இரண்டு பாதியும் ‘-அங்’ என்று முடிகிறது. யெனிசெய் பக்கம் போனால் அது பன்மை விகுதி. துருக்கியப் பக்கம் போனால் அதுவே ஏவல் விகுதியாகப் படிக்கப்படுகிறது. ஒரே ‘ங்’ இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போடுகிறது. அதுவும் இரண்டு அடி ஒரே மாதிரி முடிவது இலக்கணத்தாலா, அல்லது மணியோசைக்குச் சொன்ன குறி என்பதால் ஓசைக்காகவா? கோவில் மணி ‘அங்’ என்று ஒலித்தது என்று ஒருவர் சொன்னால் மறுக்க என்னிடம் எதுவுமில்லை. பத்து அசைக்கு எல்லா விளக்கமும் கொஞ்சம் பொருந்தும்.

பிறகு 2025இல் பொன்மான், ஃப்ரீஸ் இருவரும் கட்டுரை வெளியிட்டார்கள். ஷியோங்நுவும் ஹூணரும் பேசியது ஒரே மொழி, அது அரினின் பழைய வடிவம் என்கிறார்கள். பழைய துருக்கிய, மங்கோலியக் கடன்சொற்கள், ஆட்பெயர், ஊர், ஆற்றுப் பெயர் என்று சான்றை விரித்திருப்பதால், ஒரே சொல்லைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட இது நல்ல முறை. செய்தித்தாள்கள் வழக்கம்போல அட்டிலாவை மட்டும் தலைப்பில் போட்டன.

என்னைச் சிந்திக்க வைத்தது வேறு. ஒரு பக்கம் பும்போகோல், இன்னொரு பக்கம் அரின். இரண்டுமே இந்தக் குடும்பத்தில் மிக மோசமாகப் பதிவானவை. முழு இலக்கணமும் அகராதியும் உள்ள கோட்டுக்கு யாரும் பேரரசு கொடுக்கவில்லை. இதற்குப் புவியியல் காரணமும் சொல்லலாம், ‘க’வில் தொடங்கும் கல் கோட்டில் இல்லை என்பதும் காரணம்தான். ஆனாலும், நிறையத் தெரிந்த மொழி வாயைத் திறந்து ‘இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று மறுக்கும். சில பக்கம் மட்டும் உள்ள மொழி மறுக்காது. நாம் வைத்த இடத்தில் நிற்கும்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மறைந்த மொழிக்குக் கொஞ்சம் புகழ் கிடைத்தால் நல்லதுதானே? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்று இணையத்தில் பும்போகோல் என்று தேடினால் ஷியோங்நு வருகிறது, ஜியே வருகிறது, ஹூணர் வருகிறார்கள். கெட் ஆற்றின் மேல்பகுதியில் மீன் பிடித்து, தோலை வரியாகக் கட்டி வாழ்ந்தவர்கள் வருவதில்லை. ஜியே மக்களுக்கும் இதே கதி. ஷி லெயின் அரசு சரிந்தபோது, 350ஐ ஒட்டி, ரன் மின் ஆணையில் அவர்களைத் தேடித்தேடிக் கொன்றார்கள். உயர்ந்த மூக்கும் அடர்ந்த தாடியும் இருந்த குற்றத்துக்காக மற்றவர்களும் செத்தார்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் என்று சீன நூல்கள் சொல்கின்றன. தாமாகப் பேச வழியில்லாத இரண்டு கூட்டத்தை எடுத்து, ஒன்றுக்கொன்று சாட்சி வைத்திருக்கிறோம். ஜியே என்ன மொழி என்றால் பும்போகோலைக் காட்டுகிறோம். பும்போகோல் எவ்வளவு பழையது என்றால் ஜியேயைக் காட்டுகிறோம்.

உருப்படியான வேலை வேறு இடத்தில் நடந்திருக்கிறது, அதைப் பற்றிப் பேச்சு குறைவு. 1986இல் ஹெலிம்ஸ்கி 18ஆம் நூற்றாண்டுக் காப்பகத் தாள்களிலிருந்து யெனிசெய்ச் சொற்களை எடுத்து வெளியிட்டார். துல்சோனின் மாணவரான வெர்னர், யூக்கின் கடைசிப் பேச்சாளர்களிடம் நேரில் கேட்டு எழுதியவர், 2005இல் 18ஆம் நூற்றாண்டு யெனிசெய் மொழிகளுக்கென்றே தனிப் புத்தகம் போட்டார். யூக்கின் ஒலியைச் சொந்தக் காதால் கேட்ட ஒருவர் உட்கார்ந்து, எது யூக், எது பும்போகோல் என்று பிரிப்பதற்கும், பல்லாஸ் அச்சை மட்டும் பார்த்துப் பிரிப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பேரரசைத் தேடுகிறவர்கள் முதலில் இந்த இரண்டையும் முழுதாகப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். நானும் பின்னால்தான் படித்தேன், அதனால் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது.

என் பழைய குறிப்பேட்டில் ‘ஜியே = கல் (பும். கித்)’ என்று ஒரு வரி, அடியில் இரண்டு கோடு போட்டு இருந்தது. அதை அடித்துவிட்டு இப்படி எழுதிவைத்திருக்கிறேன்: கித், கல். பும்போகோல், யூக் அல்ல. ஒப்பிடுக: அரின் கெஸ். கடைசி த் எப்போது வந்தது? தொனி பதிவாகவில்லை.